கட்டிப்போட்ட கணவரும் பெண் பார்க்க வந்தவர்களும்

இதுவரை ஒரு கொசுவைக்கூட நான் ஒழுங்காக அடித்ததில்லை. ஆனால் செல்போன் ஆப் ஒன்றில் நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் வாரத்துக்குப் பத்துப் பேராவது ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். என் கதாநாயகன் உதைத்தால் ஆள் ஒரு பனைமர உயரம் போய்த்தான் இறங்குவான். எதற்காக உதைத்தான் என்று நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இருபத்தேழாம் அத்தியாயத்தில் நாயகனின் அண்ணனை வில்லன் நாற்காலியில் கட்டிப்போட்டு மிரட்டுகிறான். அண்ணன் நாற்காலியோடு எழுந்து நான்கு பேரைப் புரட்டி எடுக்கிறான். அதைப் படித்த ஒரு வாசகி, நாற்காலியோடு எப்படி எழுந்திருப்பார் என்று கேட்டு எழுதியிருந்தார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. (இறங்கியது. ருசிக்கவில்லை.) செய்தே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

செய்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். என் கணவர் சேகர் திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். அந்த ஞாயிறு அவருடைய தங்கை தேவியைப் பெண் பார்க்கக் கண்டாச்சிபுரத்திலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போய் வீடே நொந்து கிடந்தது. நாலரைக்கு ராகு காலம் என்பதால் மூன்றரைக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கேசரி கிளறியாகிவிட்டது. மாமியார் பூ வாங்கப் போயிருந்தார். தேவி உள்ளறையில் புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டரை. ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறதே என்று தோன்றியது. (இந்த மாதிரி நேரத்தில் தோன்றுவதைத்தான் விதி என்கிறார்கள்.)

"புதுச் சட்டை கசங்கிடும், அமுதா" என்றார் சேகர். அவருடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

பழைய நூல் புடவைகள் இரண்டை எடுத்து அவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு இறுக்கிக் கட்டினேன். வாயில் துண்டைத் திணித்தேன். (கதையில் அப்படித்தான் இருந்தது.) சப்பாத்திக் கட்டையை ஓங்கிக்கொண்டு, வில்லனின் வசனத்தை வில்லனின் குரலிலேயே சொன்னேன். "வூட்டை எம் பேருக்கு எழுதிக் குடுக்கிறியா, இல்ல இங்கியே சாவுறியா?"

அவர் கண்கள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து விரிந்தன. மனுஷன் என்னமாய் நடிக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

திரும்பினால் வாசற்படியில் ஐந்து பேர். முன்னால் தாம்பாளத்தோடு பையனின் அம்மா. விழுப்புரத்தில் இறங்கியதுமே திண்டிவனம் பஸ் கிடைத்துவிட்டதாம்.

தாம்பாளத்திலிருந்து ஓர் ஆப்பிள் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. முதலில் அசைந்தவர் பையனின் தாய்மாமா. பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். என் மேல் ஒருவர் கை வைத்ததைப் பார்த்ததும் சேகர் நாற்காலியோடு எழப் பார்த்தார். வாசகி கேட்டது நியாயமான கேள்வி. எழ முடியாது. நாற்காலியோடு சரிந்து, பக்கத்தில் ஆற வைத்திருந்த கேசரித் தட்டின் மேல் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த தேவி, மாப்பிள்ளைப் பையன் நிற்பதையோ தன் மடிப்பு பாதியில் தொங்குவதையோ பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து அண்ணனின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம் இருக்காது. ஒருவரும் பறக்கவில்லை. ஆனால் தாய்மாமா ஓர் உயிரைக் காப்பாற்ற வந்தார், சேகர் என்னைக் காப்பாற்ற எழுந்தார், தேவி அண்ணனுக்காக ஓடிவந்தாள். நான் எழுதிய சண்டைகளில் ஒருவனுக்கும் அப்படி ஒரு காரணம் இருந்ததில்லை.

துண்டை எடுத்ததும் சேகர், இவள் கதை எழுதுகிறவள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். யாரும் நம்பவில்லை. இருபத்தேழாம் அத்தியாயத்தைத் திறந்து என் போனை நீட்டினேன். பையனின் அம்மா நின்றபடியே அந்த அத்தியாயத்தை முழுக்கப் படித்தார்.

"ஏம்மா, இவன் இன்னாத்துக்கு எல்லாரையும் அடிச்சிக்கினே இருக்கான்?"

வில்லன்கள் வந்தார்கள், அதனால் அடித்தான் என்றேன்.

"வந்தவனை இன்னான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டானா?"

காப்பி மட்டும் குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தேவி அழவில்லை. "இந்த எடமும் போச்சுன்னா நான் யார் மூஞ்சில முழிக்கிறது அண்ணி?" என்று கேட்டாள். அதன் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அந்த அத்தியாயத்தை அழித்தேன். அழிப்பது சுலபமாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்ப்பதுதான் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் பையனின் அம்மா போன் செய்தார். "எம் புள்ள இந்தப் பொண்ணுதான் வேணும்ன்றான். அலங்காரத்தக்கூடப் பாக்காம அண்ணனுக்காவ ஓடியாந்துச்சே, அது போதுமாம்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. இன்றும் கண்டாச்சிபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் மாப்பிள்ளை எனக்கு முன்கூட்டியே போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"அக்கா, மச்சானை அவுத்து வுட்டுட்டீங்களா? அப்ப பஸ் ஏறிடறோம்."