கேட்டு அக்கா நிறுத்திய வண்டிகள்

கன்டெய்னர் லாரியை ஒற்றைக் கையால் நிறுத்தக்கூடிய மனிதப் பிறவி இந்தப் பூமியில் ஒருவர்தான். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் காலை எட்டு மணிக்கு அவரைப் பார்க்கலாம். ஐந்தடிக்கும் குறைவான உயரம், மேலே ஒரு நீலக் கோட்டு. பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர். ரயில்வே கேட்டைப் போல நடுரோட்டில் குறுக்கே நிற்பதால் எல்லோருக்கும் அவர் கேட்டு அக்கா.

எல்லாம் ஒரு நாள் பயிற்சி வகுப்பால் வந்தது. பள்ளிப் பேருந்து ஊழியர்களைக் கூட்டி வைத்து, “பிள்ளைகள் சாலையைத் தாண்டி முடிக்கும்வரை நீங்கள்தான் பொறுப்பு” என்று போக்குவரத்து அதிகாரி ஒருவர் சொன்னார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு, சமோசா சாப்பிட்டு, மறந்துபோனார்கள். அக்கா மறக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் சாலையைத் தாண்டி வந்து பேருந்தில் ஏற வேண்டும். கடைசிப் பிள்ளை ஏறும்வரை எந்தச் சக்கரமும் உருளக்கூடாது. ஒருமுறை மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த காரையே நிறுத்திவிட்டார்.

“முகூர்த்தம் போயிடும்மா” என்று கெஞ்சினார் மாப்பிள்ளையின் அப்பா.

“இந்தப் புள்ளைங்களுக்கும் ஒரு நாளு கல்யாணம் நடக்கணும் இல்ல? இருங்க.”

இன்னொரு நாள் அரசு ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளிருந்தவர் தலையை நீட்டி, “அம்மா, உங்களுக்கு கிளாஸ் எடுத்ததே நான்தாம்மா” என்றார்.

“அப்போ நான் சொல்லவே தேவையில்ல சார். நில்லுங்க.”

இதையெல்லாம் தொழிற்சாலை கேன்டீனில் சொல்லிச் சிரித்தவன் நான். தினமும் தாமதமாகக் கிளம்பி, தினமும் அவரிடம் மாட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தவனும் நான்தான்.

ஒரு நாள் காலை எட்டு பத்து. பேருந்துக்குப் பின்னால் ஒரு லாரி ஒழுங்காக நின்றிருந்தது. லாரிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் ஏறியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, பைக்கை வலதுபக்கமாக ஒடித்து முந்தினேன்.

யு.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் நடுரோட்டில் குனிந்துகொண்டிருந்தாள். கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி சறுக்கியது. நீலமாக ஏதோ ஒன்று குறுக்கே வந்தது.

குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. செருப்பைத் தூக்கிக் காட்டி, “கெட்ச்சிட்ச்சி ஆயாம்மா” என்றாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தூக்கிக் காட்டும் வலது கை, மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எழ முயன்ற என்னை அவர் பார்க்கவே இல்லை. இடது கையைத் தூக்கி, குழந்தை ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான்தான் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எப்படி அடிபட்டது என்று சீட்டு எழுதுபவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்: “இவரு வண்டி இட்ச்சிது. கைய காட்டியும் நிக்கல. அப்டியே எழுதிக்கோங்க.”

பிறகு என் பக்கம் திரும்பி, “நாஷ்டா துன்னியா சார்? மூஞ்சி வெளுத்துப் போய்கீது” என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வழக்குப் பதிவானது. என் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். கம்பெனி வேனில் போனேன். நடுவில் ஒரு நாள், கட்டுப் பிரித்த கையோடு அக்கா மறுபடி ரோட்டில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கை முழுதாக நிமிரவில்லை. இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்காமல் நின்றிருந்தன.

மறுபடி பைக் எடுத்த முதல் நாள், பேருந்துக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றேன். கடைசிப் பிள்ளையையும் ஏற்றிவிட்டு அவரே என்னிடம் வந்தார்.

“லைசென்ஸு குட்த்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்கக்கா.”

என் முன்சக்கரத்தையும் பேருந்தையும் மாறி மாறி அளந்தார்.

“ரெண்டடி பின்னாடி போ சார்.”

நான் நாலடி தள்ளினேன். கேட்டிருந்தால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் தள்ளியிருப்பேன்.