சத்தியவேட்டு ஜனாதிபதியும் ஹாஸ்டல் மசோதாவும்

சத்தியவேடு,
ஞாயிறு இரவு

ஆண்டவருக்குள் பிரியமான அருள்குமார் அண்ணனுக்கு,

தங்கை பிளெஸ்ஸியின் ஸ்தோத்திரங்கள். இந்த வேளையில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீடு தூங்கினால்தான் என் கைக்குப் பேனா வருகிறது. சித்தூரில் நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. காரணம் நீதான்.

காலேஜில் சிவிக்ஸ் நடத்துகிறவன், லீவுக்கு வந்த மருமகளுக்கு நரிக்கதை சொல்லியிருக்கக் கூடாதா? ஒருத்தர் கையிலேயே எல்லா அதிகாரமும் இருக்கக் கூடாதென்று சொல்லி அனுப்பினாய். என் எட்டு வயசு மகள் எப்சிபா ஊர் திரும்பிய அன்றைக்கே எங்கள் வீட்டைப் பிரித்துவிட்டாள். என் மாமியார் மக்களவை, மாமனார் மாநிலங்களவை, என் வீட்டுக்காரர் ஸ்டான்லி பிரதமர், சுப்ரீம் கோர்ட்டு அவளேதான். "அப்போ நான் யாருடி?" என்றேன். "நீதாம்மா ஜனாதிபதி. எல்லாம் உன் பேர்லதான் நடக்கும். நீயா ஒண்ணும் பண்ண முடியாது." கல்யாணமான நாளாக அதே உத்தியோகம்தானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. சாப்பிடும்போது போன் பார்க்கக் கூடாதென்று மாமியார் சட்டம் போட்டார். பிரதமரின் போன்தான் முதலில் பறிபோனது. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் எதற்கு, கருவாடு போதாதா என்று மாமனார் வாதாடினார். மீன் வாங்குவது பண மசோதா, அதை மாநிலங்களவை தடுக்க முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டார். "இன்னாம்மா இது, எனக்கு வாய் மட்டுந்தானா?" என்று அவர் புலம்ப, "அதையும் மூடிக்கினு துன்னுய்யா" என்றது மக்களவை.

போன வாரம் பிரதமர் ஒரு மசோதாவோடு வந்தார். எப்சிபாவைத் திருப்பதியில் ஹாஸ்டலோடு ஒரு ஸ்கூலில் சேர்க்க வேண்டுமாம், அங்கே படிப்பு பலமாம். இரண்டு சபையும் கை தூக்கிவிட்டன. எட்டு வயசு, அண்ணா! தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட இன்னும் தெரியாது. ஜனாதிபதி மசோதாவைத் திருப்பி அனுப்பலாமே என்று திருப்பி அனுப்பினேன். காபி ஆறுவதற்குள் மறுபடி நிறைவேற்றி என்னிடமே அனுப்பிவிட்டார்கள்! "ரெண்டாந்தபா வந்தா நீ ஒத்துக்கினே ஆவணும்" என்கிறார் பிரதமர். அப்படியா, நான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றேன். மாமியார் விடுவாரா? "அவ கேசுக்கு அவளே ஜட்ஜா? நல்லாக்கீதே நாயம்!"

ஆனால் நீதிபதிகளை நியமிப்பது ஜனாதிபதிதானே? இந்தக் கடிதத்தின் மூலம் இந்த வழக்குக்கு உன்னை நீதிபதியாக நியமிக்கிறேன். சாயங்காலமே இதைச் சொன்னேன்; "உங்க அண்ணனா? நடக்காது" என்று பிரதமர் குதித்தார். "சிவிக்ஸ் தெரிஞ்ச வேற ஆள் யாரு கீறாங்க, சொல்லு" என்று நான் கேட்டதும் அடங்கினார். நீ நடுநிலையோடு தீர்ப்புச் சொல். நடுவில் உன் தங்கச்சி அழுதுகினு இருக்கிறாள் என்பதை மட்டும் மறக்காதே.

அண்ணிக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் வீட்டையாவது பிரிக்காமல் ஆசீர்வதிப்பாராக.

அன்புத் தங்கை,
பிளெஸ்ஸி

பி.கு.: தண்ணீர் குடிக்க எழுந்த சுப்ரீம் கோர்ட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்துவிட்டது. "மாமாவ ஏம்மா கூப்புடற? யாராவது வந்து கேட்டாதானே கோர்ட்டு பேசும்? என்னை யாருமே கேக்கலியே." கேட்டேன். "போறேம்மா. அங்க ரெண்டடுக்குக் கட்டில் கீதாம். மேல எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள் உடனே தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஆகவே உன் நீதிபதி பதவி ரத்து. அதற்குப் பதிலாக, சனிக்கிழமைகளில் திருப்பதிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வர உன்னால் முடியுமா அண்ணா? சீக்கிரம் பதில் எழுது.