புளி போட்டு விளக்கிய பேட்டரி

"இதுல இருந்த வெள்ளைப் பொட்டு எங்கடி?" என்று நாகமுத்து அலறியபோது, மங்களம் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பொட்டு?"

"பேட்டரில இருந்த பொட்டு!"

"ரெண்டு தலையிலயும் சந்தனம் தடவி, குங்குமம் வச்சிருக்கேனே, கண்ணு தெரியலயா?"

"அது இல்லடி. வொர்க்‌ஷாப்புக்காரரு பெயிண்டுல வச்ச பொட்டு."

"ஓ, அந்த அழுக்கா?" மங்களம் பெருமையோடு எழுந்தாள். "கார்ல தொங்குற அந்தப் பட்டை வார்லயும் இருந்திச்சே. புளியும் சாம்பலும் போட்டு, குத்துவிளக்கோட சேத்து ஒரே தேய்ப்பு. எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!"

நாகமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மலாயாவில் அவசர காலம் வந்ததிலிருந்து ஜாசினில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தினசரிக் கூத்து. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் காரை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று, இருட்டுவதற்குள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கச் சொல்லியிருந்தது போலீஸ். காலையில் திரும்ப மாட்ட வேண்டும். நாகமுத்துவோ அரசாங்க ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. பேனாவைத் தவிர வேறு எதையும் திறந்து மூடிப் பழகாதவர். அவருக்கென்று வாய்த்ததும் அரதப் பழசான ஒரு சீமைக் கார். பாவம் பார்த்த வொர்க்‌ஷாப்புக்காரர் சுலபமாக ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். காரின் உடம்போடு முடுக்கியிருக்கும் பட்டை வாரைக் கழற்றும்போது முதலில் கழற்று, மாட்டும்போது கடைசியில் மாட்டு. வாரில் ஒரு வெள்ளைப் பொட்டு, அது சேர வேண்டிய பேட்டரித் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு. பொட்டோடு பொட்டைச் சேர், அதற்கு மேல் எதையும் யோசிக்காதே. யோசிக்காமல் இருப்பது நாகமுத்துவுக்கு நன்றாகவே வந்தது.

நேற்று ஆயுத பூஜை. பேட்டரியும் ஆயுதம்தானே என்று மங்களம் அதை அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்துப் படைத்துவிட்டாள்.

வேறு நாளாக இருந்தால் நடந்தே ஆபீஸ் போயிருப்பார். ஆனால் இன்றைக்கு மாமனார் ஊருக்குப் போகிறார்!

தம்புசாமி, மகளைப் பார்த்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். எட்டு மாதமாகிவிட்டது. சாய்வு நாற்காலி அவருக்கு. ரேடியோ அவருக்கு. படுக்கையறையும் அவருக்கு. வீட்டுக்காரரான நாகமுத்து அடுப்படி ஓரம் பாய் விரித்துப் படுக்கிறார். கோழி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால், மாமனார் அதற்கு முன்பே எழுந்து தொண்டையைச் செருமித் தெருவையே எழுப்புவார்.

இன்று மதியம் தம்பினில் ரயிலைப் பிடித்தால்தான் பினாங்கில் கப்பல். பஸ்ஸைப் போன வாரம் எரித்துவிட்டார்கள். வாடகைக் கார்க்காரர்கள் அந்தப் பாதைக்கே வர மாட்டேன் என்கிறார்கள். கப்பலை விட்டால் அடுத்த கப்பலில் இடம் எப்போது கிடைக்குமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

'இன்னைக்கு இந்த மனுசனை ரயிலேத்தலன்னா நான் நாகமுத்து இல்லை' என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டு பேட்டரியைத் தூக்கினார்.

வாசலில் தம்புசாமி ஜிப்பா, அங்கவஸ்திரத்தோடு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலயெல்லாம்? பேனா புடிக்கிற கை."

"ரெண்டு நிமிசம் மாமா." நாகமுத்து விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மங்களத்திடம் நீட்டினார்.

"ஐயையோ! விஜயதசமியும் அதுவுமா கல்யாண மோதிரத்தக் கழட்டறீங்களே!"

"இரும்பு வேலையில மோதிரம் போடக் கூடாதுடி. பட்டுச்சுன்னா விரலே பொசுங்கிடும்."

மோதிரத்தை நினைவு வைத்திருந்த மனிதர் வாரை மறந்தார். பதற்றத்தில் குருட்டாம்போக்காக ஒரு தலையைப் பிடித்து, கடைசியில் மாட்ட வேண்டிய வாரை முதலில் மாட்டிவிட்டார். அடுத்த தலையில் ஸ்பானரை வைத்துத் திருகினார். ஸ்பானரின் வால் காரின் தகரத்தில் இடித்தது.

படார்!

நீல நெருப்பு பறந்தது. தெருவில் ஜன்னல்கள் எல்லாம் சாத்திக்கொண்டன. எதிரே காவல் நின்ற போலீஸ்கார மாத்தா, துப்பாக்கியோடு சாக்கடைக்குள் குதித்துப் படுத்துக்கொண்டார்.

"யார் சுட்டது?" என்று சாக்கடையிலிருந்து மலாயில் குரல் வந்தது.

"சுடல துவான், பேட்டரி! பேட்டரி!" என்று இரண்டு கையையும் தூக்கினார் நாகமுத்து.

தம்புசாமி மெல்ல எழுந்தார். "சகுனத் தடை. விடுங்க மாப்ள, அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம். இங்க எனக்கு என்ன கொறச்சல்?"

"முடியாது மாமா! என் உசுரே போனாலும் சரி, இன்னைக்கு நீங்க ரயிலேறித்தான் ஆவணும்!"

தம்புசாமி மருமகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

எது பிளஸ், எது மைனஸ் என்று தெரிந்தால்தானே மேற்கொண்டு கை வைக்க முடியும்? நாகமுத்துவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. அரிந்த உருளைக்கிழங்கில் இரண்டு செப்புக் கம்பியைக் குத்தி, மறுமுனைகளைப் பேட்டரித் தலைகளில் வைத்தால், பிளஸ் பக்கம் பச்சை பிடிக்கும்.

"மங்களம், ஒரு உருளைக்கெழங்கு கொண்டா!"

"அப்பா வழியில சாப்பிடப் பூரிக்கு வச்சிருக்கேங்க!"

"ஒங்கப்பா போனாத்தானே பூரி! கொண்டா!"

பச்சை பிடித்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. சாக்கடையிலிருந்து எழுந்து வந்த மாத்தாகூடக் கால் சட்டையைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தார். ஆபீஸ் ஜீப்பில் மைனஸ்தான் உடம்போடு சேரும் என்பதை நாகமுத்து பார்த்திருக்கிறார். எல்லா வண்டிக்கும் அதுதானே நியாயம்? முன்பு மாட்டிய வாரைக் கழற்றிவிட்டு, பிளஸ் தலையில் இன்னொரு ஒயரை மாட்டப் போனார். ஒயரின் பிடி சின்னதாக இருந்தது, ஏறவில்லை. தம்புசாமி உள்ளே போய் அம்மிக் குழவியை எடுத்து வந்து கொடுத்தார். நாலு போடு போட்டதும் ஏறியது. மைனஸ் தலையில் வாரை மாட்டினால், அது லொடலொடவென்று ஆடியது. சிகரெட் டப்பாவின் வெள்ளிக் காகிதத்தை மடித்துத் திணித்து இறுக்கினார்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது!

"பாத்தீங்களா மாமா, பேனா புடிக்கிற கை!" என்று நாகமுத்து கத்தி முடிப்பதற்குள், முன்னால் இருந்த கரண்ட் மீட்டரின் முள் வழக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகச் சாய்ந்தது. டைனமோ பெட்டியிலிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பியது.

"வேண்டாங்க!" மங்களம் அழுதேவிட்டாள். "அப்பா இங்கயே இருந்துட்டுப் போகட்டும்!"

அந்த ஒரு வார்த்தை போதாதா? நாகமுத்து என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்பானரில் துணியைச் சுற்றி, இந்தத் தடவை மறக்காமல் வாரை முதலில் கழற்றினார். வெள்ளிக் காகிதம் கீழே விழுந்தது. அதையே வெறித்துப் பார்த்தார். வாரின் வாய் பெரிசு. ஒயரின் வாய் சின்னது. பேட்டரியிலோ பிளஸ் தலை பருமன், மைனஸ் தலை ஒல்லி. அப்படியானால் பெரிய வாய்க்குப் பெரிய தலைதானே? இந்தச் சீமைக் காருக்குப் பிளஸ்தான் உடம்போடு சேரணும்! ஜீப்பு வேற சாதி, இது வேற சாதி!

மாற்றினார். குழவி இல்லாமல், காகிதம் இல்லாமல், இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒயர் முதலில், வார் கடைசியில். தன்னை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. சாவியைத் திருப்பினார்.

க்ர்ர்... க்ர்... டிக்.

இத்தனை கூத்தில் பேட்டரி செத்துப்போயிருந்தது.

"மாப்ள, நாந்தான் சொல்றேனே..." என்று தம்புசாமி வாயைத் திறந்தார்.

"ஏறுங்க மாமா! மொதல்ல நீங்க உள்ள ஏறுங்க! தள்ளி ஸ்டார்ட் பண்ணிட்டா அப்புறம் நிறுத்த முடியாது!"

பெட்டியும் ஏறியது. வழியில் துப்பாக்கிச் சண்டை நடக்கிற காலம் என்பதால் மங்களம் வாசலிலேயே அப்பாவிடம் அழுது விடைபெற்றாள். தம்புசாமி உற்சவ மூர்த்தி மாதிரி பின்சீட்டில் வீற்றிருக்க, தெருவே சேர்ந்து தள்ளியது. மாத்தாவும் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். பசார் முனையில் என்ஜின் பிடித்தது. அதற்குப் பிறகு நாகமுத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. கும்பிடு போட்டவர்களுக்குக்கூடத் தலையை மட்டுமே ஆட்டினார்.

அலோர் காஜா தாண்டிச் சாலைத் தடுப்பு. அங்கே நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்ஜினை நிறுத்து."

"நிறுத்துனா திரும்ப ஓடாது துவான்! என்னை வேணும்னா புடிச்சிட்டுப் போங்க, என்ஜின மட்டும் விட்டுடுங்க!"

துப்பாக்கி முனை ஜன்னலுக்குள் வந்தது. "பின்னால யாரு?"

"என் மாமனாரு."

"எங்க போறாரு?"

"ஊருக்கு."

"ஒங்க வீட்ல எவ்வளவு நாள் இருந்தாரு?"

"எட்டு மாசம்."

போலீஸ்காரர் நாகமுத்துவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓடிப்போய்த் தடுப்புக் கட்டையைத் தானே தூக்கிவிட்டார். "போ, போ! சீக்கிரம் போ லா!"

தம்பின் ஸ்டேசனில் ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. காரைவிட்டு இறங்கினால் என்ஜின் நின்றுவிடும். நாகமுத்து காலை அழுத்தியபடியே ஜன்னல் வழியாகக் கத்தினார். அங்கமுத்து என்கிற சுமை தூக்கி ஓடி வந்தான்.

"தம்பி, இவர வண்டியில ஏத்தி உக்கார வச்சு, வண்டி நகர்றவரைக்கும் நின்னு பாத்துட்டு வா!"

தம்புசாமி இறங்கினார். ஜன்னலருகே வந்து, கரியும் சந்தனமும் அப்பியிருந்த மருமகனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு பெட்டிக்குப் பின்னால் நடந்தார். நாகமுத்துவுக்கே ஒரு கணம் என்னவோ போலிருந்தது. நல்ல மனுசன்தான், ஊரில் இருக்கிறவரைக்கும்.

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

நாகமுத்து சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். நின்றால் நிற்கட்டும், இங்கேயே துருப்பிடித்தாலும் கிடக்கட்டும். சாய்வு நாற்காலி! ரேடியோ! கட்டில்! சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியபோது எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தான்.

"ஏத்திட்டேண்ணே. பெரியவருக்குக் கண்ணுல தண்ணி நிக்கல லா. ஊரோட போயி அங்கயே இருந்துடலாம்னுதான் கெளம்பினாராம். ஆனா அவர ரயிலேத்தணும்னு நீங்க இன்னைக்கு உசுர குடுத்துப் பட்ட பாட்டப் பாத்தப்புறம் மனசு கேக்கலையாம்ணே. இப்படி ஒரு மருமகன விட்டுட்டு அங்க என்ன வேலன்னு, நெலத்த வித்துட்டு, பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஒரேயடியா ஒங்க வீட்டுக்கே வந்துடறாராம்."