பயனாளி அணியில் இருக்கக் கூடாது

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு (பொறுமை இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரை நீடிக்க வேண்டும்) தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். என் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என்னைவிட நலம். அங்கே நீயும் அத்தானும் நலம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். நலமில்லாவிட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்று இதற்குள் சொல்லியிருப்பீர்கள்.

"அவ ப்ராஜெக்ட் என்னடா ஆச்சு? உன் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறா. மாமனும் மருமகளும் என்ன கூத்து பண்றீங்க?" என்று கைப்பேசியில் கேட்டிருந்தாய். அதிலேயே பதில் போட்டால் அடுத்த நொடி திட்டுவாய். கடிதம் என்றால் வந்து சேரும் வரையாவது நிம்மதி. கூத்து நான் பண்ணவில்லை அக்கா, கல்லூரி பண்ணியது. நான் கூட நின்று மேளம் அடித்தேன், அவ்வளவுதான். காது கேட்காத உன் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று நீங்கள் முழித்தபோது, "செயற்கை நுண்ணறிவுல சேருங்க, நான் வாத்தியாரா இருக்கற இடம், அவளை யார் என்ன பண்ணிட முடியும்?" என்று மார்தட்டினேனே, அதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. நானே பண்ணிவிட்டேன்.

எங்கள் துறைத்தலைவர் எதைப் பேசினாலும் 'சுருக்கமா சொல்றேன்' என்று ஆரம்பித்து, மணி அடித்தாலும் நிறுத்தாதவர். அதனால் அவருக்குப் பெயரே 'சுருக்கம்'. இந்த வருஷம் அவருக்கு ஒரு ஞானோதயம்: நம் படிப்பு எல்லாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், சமூகத்துக்குப் பயன்பட வேண்டும். உடனே 'அனைவரையும் உள்ளடக்கிய சமூகப் பயன் செயற்கை நுண்ணறிவுக் கல்விக் கமிட்டி' பிறந்தது. பலகையில் இடம் போதவில்லை என்று எழுதுகிறவர் சொன்னதால் 'அனைவரையும் உள்ளடக்கிய' என்பதை மட்டும் எடுத்துவிட்டோம். அமைப்பாளர் நான். தகுதியைக் கேட்காதே, பெயரை முன்மொழிந்த நேரத்தில் நான் கழிப்பறையில் இருந்தேன். இறுதியாண்டு மாணவர்கள் சமூகத்துக்குப் பயன்படும் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் இல்லை என்று முடிவானது. அடுத்த மாதமே ஒரு கும்பல், எந்த வாத்தியார் எந்தக் கிழமையில் வருகைப் பதிவு எடுக்க மாட்டார் என்று முன்கூட்டியே சொல்லும் நிரலைச் செய்துவிட்டு, 'மாணவ சமூகத்துக்குப் பயன்' என்று வந்து நின்றது. (என்னைப் பற்றி அது சொன்னது அத்தனையும் பலித்தது.) அந்த எரிச்சலில் நான் ஒரு விதி எழுதினேன்: பயனாளி அணியில் இருக்கக் கூடாது. அதாவது, யாருக்காகச் செய்கிறார்களோ அந்த ஆள், செய்கிறவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது. சுருக்கம் என் முதுகில் தட்டினார். அந்த வலி இன்னும் போகவில்லை.

விதி வந்ததும் பிள்ளைகள் சமூகத்தைத் தேடினார்கள். வெளியே போய்த் தேடலாம் என்றால் வெயில். திரும்பிப் பார்த்தால், இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் சமூகமே உட்கார்ந்திருக்கிறது: உன் மகள். அன்றிலிருந்து அவளை யாரும் மாணவியாகப் பார்க்கவில்லை. மூன்று அணிகள், மூன்றுக்கும் ஒரே ப்ராஜெக்ட்: சைகையைப் பார்த்துப் பேசும் இயந்திரம். "ஒரு நிமிஷம் வாயேன், 'தண்ணி' காட்டு. இன்னொரு தடவை. ஐயோ, வெளிச்சம் வரலை, இன்னும் ஒரே ஒரு தடவை." தண்ணீர், டாக்டர், வலி, நன்றி. இந்த நாலு வார்த்தைக்கு மேல் காது கேட்காதவர்களுக்கு வாழ்க்கை கிடையாது என்பது மூன்று அணிகளின் ஒருமித்த ஆராய்ச்சி முடிவு. "தாகம் எடுத்தா குழாய்க்கு நானே போவேனே மாமா, இதுங்க யாருக்கு செய்யுதுங்க?" என்று கையால் கேட்டாள். "கேமராவுக்கு" என்றேன். அப்போதெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கை ஓய்ந்த நேரங்களில் அவள் தனியாக ஒன்று செய்தாள். வாத்தியார் பேசுவதை எழுத்தாக்கிக் கைப்பேசியில் காட்டும் நிரல். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்பாய். இருக்கிறது, வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அது வாய்க்கு வந்ததை எழுதித் தள்ளும். இவளுடையது கதை விடாது. புரியாத இடத்தில் 'இங்கே ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை' என்று எழுதிவிட்டு, வெட்கப்படாமல் அடுத்த வரிக்குப் போகும். சுருக்கத்தின் வகுப்பில் திரை முழுக்க அந்த ஒரே வரிதான். கடைசி பெஞ்சுப் பையன்கள், எல்லாம் பாம்புக் காதுக்காரர்கள், எட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் அனுப்பு, இத்தனை நாளா எங்களுக்கு மட்டும்தான் புரியலைன்னு நெனச்சோம்" என்று வாங்கிக்கொண்டார்கள்.

அதைக் கமிட்டியில் வைத்தாள். "சுருக்கமா சொல்றேன். அடுத்தவங்க அவளுக்குச் செஞ்சா அது சேவை. அவளே அவளுக்குச் செஞ்சுக்கிட்டா அது சுயநலம். பயனாளி அணியிலயே இருக்கா. விதி யாரோடது? நம்ம அமைப்பாளர் சாரோடது" என்றார் சுருக்கம். பிறகு, நாங்கள் ரகசியமாகப் பேச வேண்டும் என்று அவளை வெளியே அனுப்பினார்கள். காது கேட்காத பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு ரகசியம் பேசிய கமிட்டி உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பாவம், கைப்பேசியைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் சும்மா விட்டேனா? மேசையைத் தட்டினேன் அக்கா! தேநீர்க் கோப்பைகள் குதித்தன. "விதியை எழுதினவனே சொல்றேன், விதி தப்பு! அவளுக்குப் பட்டம் இல்லைன்னா நான் ராஜினாமா!" என்று கர்ஜித்தேன். எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒருவன் ஒரு பக்கம். என்ன செய்ய, ப்ராஜெக்டைத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்து கண்காட்சி. மேடையில் மூன்று இயந்திரங்கள். காட்டுகிற கை உன் மகளுடையது. சிறப்பு விருந்தினருக்கு 'நன்றி' காட்டச் சொன்னார்கள். அவள் நீளமாக வேறென்னவோ சொன்னாள். முதல் இயந்திரம் 'தண்ணீர்' என்றது. இரண்டாவது 'டாக்டர்' என்றது. மூன்றாவது கொஞ்சம் யோசித்து 'தண்ணீர்' என்றது. பெரும்பான்மை ஜெயித்தது. விருந்தினர் உருகிப்போய்த் தன் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்ட, கேமராக்கள் மின்ன, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மூன்று அணியும் தேர்ச்சி. அந்தப் படம்தான் இப்போது கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. சுருக்கம் என் பக்கம் சாய்ந்து, "உங்க மருமகதானே, நெஜமா என்னய்யா சொன்னா?" என்றார். எனக்குப் புரிந்திருந்தது. 'இந்த மேடையில என் கைக்கு இடம் இருக்கு, என் வேலைக்கு இல்லை' என்றாள். விருந்தினர் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நன்றின்னு சொன்னா சார். ரொம்ப ரொம்ப நன்றின்னு" என்றேன். எவ்வளவு தூரத்திலிருந்தும் அவள் என் உதட்டைப் படித்துவிடுவாள் என்பதை மறந்துவிட்டேன். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது வெறும் கோபம். அவள் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்தியது மாதிரி. தட்டினாலும் கேட்காது.

ஆகவே நீதான் புத்தி சொல்ல வேண்டும். ஊரோடு ஒத்துப் போகச் சொல். சுருக்கமே ஒரு வழி சொல்லியிருக்கிறார்: அந்த மூன்று அணிகளில் ஒன்றில் அவள் பெயரை 'உதவிக் கருவி' என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டால் விதியும் இடிக்காதாம், தேர்ச்சியும் கிடைத்துவிடுமாம். கருவி என்றால் என்ன அக்கா, பட்டத்தில் அதெல்லாமா அச்சடிக்கப் போகிறார்கள்?

அத்தானுக்கு என் வணக்கம். அவர் கோபத்துக்குத் தனியாக ஒரு வணக்கம். உன் ஆசீர்வாதத்தை அனுப்பி வை. திட்டாக வந்தாலும் ஆசீர்வாதக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேசையைத் தட்டிய கை இன்னும் வலிக்க,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் அவளே என் அறைக்கு வந்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். சிரித்தாள். பிறகு தன் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். அன்று கமிட்டி மேசையில் அது சும்மா கிடக்கவில்லை, நிரல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் வெளியே போன பிறகு நான் பேசியது முழுவதும் இதுதான்: "ஆமா சார்." "நியாயம்தான் சார்." 'இங்கே ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை.' "டீ ஆறுது சார்." ஆகவே மேலே மேசை, கோப்பை, கர்ஜனை மூன்றையும் அடித்துவிடு. அவளுக்குப் புத்தியும் சொல்ல வேண்டாம். கருவியாக இருக்க மாட்டாளாம். இந்த வருஷப் பட்டம் போனால் போகட்டும் என்று, அடுத்த வருஷத்துக்கு அதே ப்ராஜெக்டை, என் விதிக்கு மயிரிழைகூடப் பிசகாமல், மறுபடி எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். பயனாளி யார் என்ற இடத்தில்: 'என் மாமா. அணியில் இல்லை. காது நன்றாகக் கேட்கும். ஒரு பயனும் இல்லை.' அமைப்பாளர் என்ற முறையில் பரிசீலித்தேன். விதிப்படி சரியாக இருக்கிறது. தேவையும் உண்மையானது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.