பின்சீட்டுக்கும் காற்று வரும் வண்டி

இனிமேல் யாருடைய காரிலும் பின்சீட்டில் உட்காருவதில்லை என்று நான் சபதம் செய்தது, என் சகலையின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது. எழுந்து நின்று சபதம் செய்ய ஆசைதான். தலை கூரையில் இடிக்கும் என்பதால் மனசுக்குள்ளேயே செய்துகொண்டேன்.

சகலை என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். தங்கமான மனிதர், கார் வாங்குகிறவரைக்கும். அவர் வாங்கியது பிரீமியம் சின்ன கார். அதாவது அளவில் சின்னது, விலையில் பெரியது. விடுமுறை நாளில் எங்கள் இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவார். நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர் அது. நான் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒன்று சொல்வார். ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டதில்லை.

"சகலை, கதவ மெதுவா சாத்துங்க. இது சாதாரண வண்டி இல்ல."

குழந்தை தூங்குகிற அறைக் கதவைக்கூட நான் அவ்வளவு மெதுவாகச் சாத்தியிருக்க மாட்டேன். அப்படியும் சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் மனைவி வாயே திறக்காமல், முன்சீட்டு இடுக்கு வழியாக அவர் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வருவாள். அவளுக்கும் எரிகிறது போலிருக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

ஆகவே நாங்களும் கார் வாங்க வேண்டும். வாங்கினால் பிரீமியம் சின்ன கார்தான். ஸ்டீயரிங்கில் நான், பின்சீட்டில் சகலை. அவர் கதவைச் சாத்தும்போது நான் கண்ணாடியில் பார்த்து அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஆண்மகனின் வாழ்நாள் லட்சியம் இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

குறுக்கே நின்றது ஒரே ஆள். என் மனைவி.

அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். பூக்கூடை, பியானோ, கோட்டை, எந்த வடிவம் கேட்டாலும் செய்வாள். கொண்டுபோய்க் கொடுப்பது என் ஸ்கூட்டரில். நான் ஓட்டுவேன், அவள் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒருமுறை நான் வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கியதில் கோட்டை சரிந்து இடிபாடாகப் போய்ச் சேர்ந்தது. பழைய காலத்துக் கோட்டை என்று சொல்லிக் கொடுத்துவிடு என்றேன். வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. அப்புறம் மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அவளைச் சம்மதிக்க வைப்பது எனக்கு ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஏனென்றால் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் மூத்த விற்பனையாளன். பார்வை சரியில்லாதவர்கள் வந்து, விலையைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிப் போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் என் திறமை. என் தொழில் ரகசியங்களை வேறு யாருக்கும் சொன்னதில்லை. மனைவியிடம் மட்டும் தினமும் சாயங்காலம் சொல்வேன். அவள் கேக்குக்கு ஐசிங் போட்டுக்கொண்டே உம் கொட்டுவாள். கேட்கிறாளா என்றே சந்தேகமாக இருக்கும்.

முதல் ரகசியம், எடுத்த எடுப்பில் எட்டாத விலையில் ஒரு ஃப்ரேமைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து மலைத்தவருக்கு அடுத்தது மலிவாகத் தெரியும். இரண்டாவது, ரொம்ப நல்லா இருக்கே என்று புகழ்கிறவர் வாங்க மாட்டார். காது பக்கம் அழுத்துகிறது, நிறம் சரியில்லை என்று குறை சொல்கிறவர்தான் மனசுக்குள் வாங்கி மாட்டிக்கொண்டுவிட்டவர். மூன்றாவது, அப்படிப்பட்டவர் நாற்காலியை விட்டு எழுந்தால் பதறக்கூடாது. ஒரு கூடு, ஒரு துடைக்கிற துணி என்று ஏதாவது இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார்.

முதல் ரகசியத்தில் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் ஒரு பிரம்மாண்டமான காரின் படத்தை விரித்து வைத்தேன்.

"என்ன இது?"

"கார்."

"காருன்னு தெரியுது. ஏழு பேர் உட்கார்ற காரு நமக்கு எதுக்கு?"

"ஏன், ஏழு பேர் வந்தா?"

"நம்ம வீட்டுல ஏழு டம்ளரே கிடையாது."

எதிர்பார்த்ததுதான். பெருமூச்சு விட்டேன். சரி, உனக்காக இறங்கி வருகிறேன், சின்ன காரே வாங்குவோம், ஆனால் சின்னதில் நல்லதாக, என்று அந்தப் பிரீமியம் காரின் படத்தை எடுத்து வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். அதே கம்பெனி சாதாரணமாக ஒரு சின்ன கார் விற்கிறதே, என்ஜின்கூட ஒன்றுதானே, எதற்கு இவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். என்ஜின் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பேச்சு வேகத்தில் விட்டுவிட்டேன்.

"கூரையைத் திறக்கலாம். மேல வானம் தெரியும்."

"வெயிலக் கண்டா குடை தேடுற ஆளு நீங்க. உங்களுக்குக் கூரையில ஓட்டை எதுக்கு?"

"கியர் மாத்த வேண்டாம். தானா மாறிக்கும்."

"இடது கைக்கு அவ்வளவு வேலையா இருக்கு உங்களுக்கு?"

"பின்சீட்டுக்குன்னு தனியா ஏசி காத்து வரும். முழங்காலுக்கு நேரா."

"பின்னாடி யாரு உட்காரப் போறா?"

"யாராவது உட்காருவாங்க" என்றேன். சகலையை மனசில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஷோரூமுக்குக் கிளம்பினோம். அவள் ஒரு கேக் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். வழியில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமாம். ஷோரூமில் இருந்த விற்பனையாளர் என்னை மாதிரியே தொழில் தெரிந்தவர். முதலில் விலை அதிகமானதை ஓட்டிப் பார்க்கிறோம் என்று நான் கண்ணைக் காட்டியதும் புரிந்துகொண்டார். அதில் போய்விட்டு இறங்கினால் சாதாரண கார் கட்டைவண்டியாகத் தெரியும் என்பது என் கணக்கு.

பிரீமியம் காரில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். விற்பனையாளர் பக்கத்தில். மனைவி பின்னால், மடியில் பெட்டியுடன். வேகத்தடை மேல் ஏறி இறங்கினோம். ஏறினோமா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் பெட்டியை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். ஆர்டர் கவலை அவளுக்கு.

இறங்கியதும் பிடித்துக்கொண்டாள். சீட்டு நிறம் அழுக்குத் தாங்காது. கதவு என்ன இந்தக் கனம். கியர் இல்லாத வண்டி என்ன வண்டி, பொம்மை மாதிரி. விற்பனையாளருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கும்தான்.

அடுத்து சாதாரண கார். அதே வேகத்தடை. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பின்னால் பெட்டிக்குள் பொத்தென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவள் திறந்து பார்த்தாள், மூடினாள், பிறகு முகம் மலர்ந்து சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இதுவே போதும்."

என் கணக்கு தலைகீழாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, ஆர்டர் தள்ளிப்போய்விட்டது என்றாள். சாயங்காலக் காப்பியோடு அந்தக் கேக்கை நான்தான் சாப்பிட்டேன். ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. ருசிக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சுவார்த்தை தொடங்கியது. நான் சோபாவில், அவள் எதிரே. பிரீமியத்தின் அருமை பெருமைகளை மறுபடியும் சொன்னேன். அவ்வளவு விலை கட்டுப்படியாகாது என்று எழுந்தாள். எழுந்தவரை உட்கார வைப்பது எனக்குக் கைவந்த கலை. கேக் தட்டுகளையெல்லாம் இனி நானே கழுவுகிறேன் என்றேன். உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எழுந்தாள். ஸ்கூட்டரைக் கொடுத்துவிடலாம், அந்தப் பணமும் சேரும், நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை எழுந்தவள் அடுக்களை வாசல்வரை போய்விட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. வண்டியை உன் பேரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னேன். அவள் திரும்பினாள்.

"இவ்வளவு ஆசைப்படுறீங்க. சரி, வாங்கிக்கலாம்."

அன்று என்னைப் போன்ற வெற்றிவீரன் அந்தத் தெருவிலேயே இல்லை. ஒரு கூடு, ஒரு துணி அளவுக்கு ஏதோ கொடுத்து ஒரு காரையே விற்றுவிட்டேன். அதுவும் சொந்த மனைவியிடம். மறுநாள் கடையில் முதலாளி முதல் கணக்கர் வரை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வண்டி வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. அந்த நாட்களில் மனைவி மத்தியானங்களில் ஐசிங் வகுப்புக்குப் போய்வந்தாள். புதுசாக ஏதோ கற்றுத் தருகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் வலது கால் வலிக்கிறது என்பாள். நின்றுகொண்டே ஐசிங் போட வேண்டுமாம். பாவமாக இருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். இடது கால் ஏன் வலிக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டி வந்தது. அடுத்த விடுமுறை நாளில் சகலையை வரச்சொன்னேன். அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால் என்ன, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாம். எனக்குத் தேவை அந்த ஒரு வாக்கியம்தான். காலையில் குளிக்கும்போது இரண்டு மூன்று தினுசாகச் சொல்லிப் பார்த்து, அலட்சியமாகச் சொல்வதே எடுப்பாக இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

சகலை வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலே எனக்கு அரை லட்சியம் நிறைவேறிய மாதிரி இருந்தது. சாவியை எடுக்க உள்ளே போனேன். மாட்டிய இடத்தில் இல்லை. வெளியே வந்தால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கில் என் மனைவி.

"இறங்கும்மா, நான் எடுக்கிறேன்."

"வேண்டாங்க. நான் ஓட்டுறேன்."

"நீயா? எப்பக் கத்துக்கிட்ட?"

"அதான் ஐசிங் க்ளாஸ் போனேனே."

"ஐசிங் க்ளாஸ்ல காரா சொல்லித் தர்றாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. கை ஆடக்கூடாது. அவசரப்படக்கூடாது."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எதிரே சகலை நிற்கும்போது கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது. சரி, ஓட்டட்டும், பக்கத்தில் உட்கார்ந்தும் கண்ணாடியைப் பார்க்கலாம் என்று முன்கதவைத் திறந்தேன். முன்சீட்டில் கேக்கின் அடி அடுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீங்க பின்னாடி ஏறிக்கங்க. நடு அடுக்கு உங்க மடியில. மேல் அடுக்கு அத்தான் மடியில."

சகலை மறுபேச்சு இல்லாமல் ஏறி, பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். சத்தமே இல்லை. என்ன இருந்தாலும் அனுபவஸ்தர். நான் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஒன்று கேட்காமல் ஏற மனசு வரவில்லை.

"அன்னிக்கு இந்த வண்டிய அவ்வளவு குறை சொன்னியே. பிடிக்கலைன்னுதானே நெனச்சேன்."

"நீங்கதானே தினமும் சொல்வீங்க, குறை சொல்றவங்கதான் வாங்குவாங்கன்னு."

ஏறி உட்கார்ந்தேன். கேக் உருகாமல் இருக்க ஏசியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாள். நான் வாதாடி வாங்கிய துவாரத்தில் இருந்து முழங்காலுக்கு நேரே ஜில்லென்று காற்று வந்தது. கொடுத்த கூடுதல் விலைக்குத் தகும் காற்றுதான், அதை மறுக்க முடியாது. ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவை இழுத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் சாத்திவிட்டேன் போலிருக்கிறது.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"மெதுவா சாத்துங்க. இது சாதாரண வண்டி இல்ல."

சகலை ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் கதவைத் திறந்து, மறுபடியும் மெதுவாகச் சாத்தினேன்.