தூக்கிய கொடியை இறக்காதவன் எழுதுவது

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் பேசினால் பேசுவது நீங்களாகத்தான் இருக்கும். நான் நாலு தடவை "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கிறவரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது.

இன்று காலை உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டே, "எங்க அண்ணன் ஃபுட்பால்ல கொடி பிடிக்கிறாராம், ஞாயித்துக்கிழமை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்திரண்டு வயதில், கிடங்கில் உட்கார்ந்து சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு இது எதற்கு என்று கேட்டேன். "டாக்டர் நடக்கச் சொன்னாராம்" என்றாள். நடக்கச் சொன்னால் நடக்க வேண்டியதுதானே மச்சான்? கையில் கொடியோடு, அதுவும் பக்கவாட்டில், அதுவும் இருபத்திரண்டு பேர் முறைக்க முறைக்க நடக்கச் சொல்லி எந்த டாக்டராவது எழுதிக் கொடுப்பாரா?

நானும் ஒரு நாள் துணை நடுவராகக் கொடி பிடித்தவன். இது உங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள். எட்டு மாதம் ஆகிறது. உங்கள் தங்கைக்கு நான் போனது தெரியும், வந்தது தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்லாம் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆரம்பித்தது. இந்தப் பக்கத்தில் முப்பத்தைந்து வயது தாண்டிய ஆண்கள், காலையில் எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சின்னப் பையன்களாகிப் பந்தாடுகிறார்கள். அவர்களுக்கு நடுவர் ஒரு தையற்கடைக்காரர். சட்டகம் மூக்கில் நழுவுகிறது என்று சரிசெய்ய வந்தவர், நான் திருகாணியை முறுக்கும்போது என்னையே பார்த்தார். "உங்களுக்குக் கண் நல்லா தெரியும்ல?" என்றார். கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு தெரியாது என்றா சொல்வது? "நல்லாவே தெரியும்" என்றேன். "அப்ப வாங்க. கோட்டுல நிக்கிற ஆளுக்குக் காய்ச்சல்." அவ்வளவுதான். அரை நாள் வகுப்பு ஒன்று நடத்தினார்கள். எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எல்லாமே புரியும்.

உடை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு அரைக்கால் சட்டை வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது என் கல்யாணத்துக்கு முன் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தால் நிற்கலாம், விட்டால் பித்தான் போய்விடும். தொண்ணூறு நிமிடம் மூச்சை விடாமல் ஓடிப் பாருங்கள், அப்போது தெரியும். புதிதாக ஒன்று வாங்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும். கொடியைச் சுருட்டாமல் நடுவர் பக்கத்துக் கையில் பிடியுங்கள். நான் சுருட்டி வைத்திருந்தேன். முதல் தடவை தூக்கியபோது துணி குச்சியைச் சுற்றிக்கொண்டு, ஏதோ குடையை விரிக்கத் தெரியாமல் நிற்பவன்போல நின்றேன். ஓடும்போது முகம் மைதானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நண்டுக்குப் பின்னால் தண்ணீர்க் கேன் வைத்துவிட்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எனக்கு வைத்திருந்தார்கள். கேனோடு சேர்ந்து ஒரு மாற்று ஆட்டக்காரர் மடியில் உட்கார்ந்தேன். அவர் பெருந்தன்மையாக, "சார், கொடியை மட்டும் கண்ணுல குத்தாம எடுங்க" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பதை எழுதி உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் மாறவில்லை. பந்து வெளியே போகும்போதெல்லாம் பழைய திசையையே பெரிய உறுதியோடு காட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து வேடிக்கை பார்த்த ஓர் அம்மா, "பாதி ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னு யாராவது அவர்கிட்ட சொல்லுங்களேன்" என்று சத்தம் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதுவரைக்கும் நடந்ததெல்லாம் சிரிக்கக்கூடியதுதான் மச்சான். இதை மட்டும் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

ஆட்டம் முடிய ஆறேழு நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. நீலச் சட்டை அணியில் ஒரு பிளம்பர் உண்டு. எங்கள் பகுதியில் பாதி வீட்டுக் குழாய்கள் அவர் கை பட்டவை. பின்வரிசையிலேயே நின்று ஆடுகிறவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, அன்றைக்குத்தான் அவருக்குக் கடைசி ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். "இன்னைக்கு ஒரு தடவை முன்னாடி போய் நில்லுங்கண்ணே" என்று அவர் அணிக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். பந்து வந்தது. அவர் ஓடினார். ஓட்டம் என்றா சொல்வது, கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தார், உதைத்தார், பந்து வலைக்குள் போய்விட்டது.

என் கொடி மேலே இருந்தது.

ஆஃப்சைடு என்றால் என்ன என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பந்து உதைக்கப்படுகிற நேரத்தில், ஓடுகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒருத்தர், அது எப்போதும் இருக்கும். நான் மற்ற ஒருத்தரைத்தான் தேடினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற மூன்று பேரைப் பார்த்தேன், மூன்று பேரும் பிளம்பருக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள், தூக்கிவிட்டேன். நடுவர் திரும்பிப் பார்த்தது பந்து வலைக்குள் போன பிறகுதான். விசில் அடித்தார். அவர் என்னை நோக்கி வரும்போது, மைதானத்தின் அந்தக் கடைசியில், குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் நிதானமாக எழுந்து நின்றார். எதிரணி ஆள். பிளம்பரைவிட நாலு எட்டு உள்ளே. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார். அது கோல்.

ஆட்டம் மறுபடி தொடங்குகிறவரை முடிவை மாற்றலாம். அதுவும் வகுப்பில் சொன்னதுதான். எனக்கு முழுசாக அரை நிமிடம் இருந்தது. நடுவர் கிட்டே வந்து, மற்றவர்கள் காதில் விழாமல், "சரிதானே?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டார். தண்ணீர்க் கேன், தப்புத் திசை, அந்த அம்மாவின் குரல் எல்லாம் என் மண்டைக்குள் ஓடின. இதையும் சொன்னால் மறுபடி சிரிப்பார்களே என்று நினைத்தேன். "சரிதான்" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பிளம்பர் ஒரு கையைத் தூக்கி, பரவாயில்லை என்பதுபோல் என்னைப் பார்த்து ஆட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனார். அவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருப்பேன்.

மூன்று வாரம் கழித்து அவர் எங்கள் கடைக்கு வந்தார். கண் பார்க்கும் அறை சின்னது, இருட்டு. ஒரு நாற்காலி, எதிரே எழுத்துப் பலகை. ஆட்டத்தன்று நான் தொப்பி போட்டிருந்ததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. லென்ஸ் மாற்றிப் பார்க்கிற அந்தக் கனமான சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினேன்.

"தூரத்துல பிரச்சினை இல்ல சார். கிட்டத்துலதான். குழாய் மரை சரியா உக்காருதான்னு விரலால தடவித்தான் பார்க்கறேன்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு லென்ஸை மாற்றியிருக்கலாம். "வேற என்ன வேலை, விளையாட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பந்து ஆடிட்டு இருந்தேன். பத்தொம்பது வருஷம். ஒரு கோல் போட்டதில்ல. கடைசி நாள் ஒண்ணு போட்டேன், அதுவும் ஆஃப்சைடுன்னுட்டாங்க." சிரித்தார். "எம் பொண்ணு முத முறையா பார்க்க வந்திருந்தா. ஒரே அழுகை. கொடி பிடிச்சவர் பொய் சொல்றார்ப்பான்னா. நான்தான் அதட்டினேன். அவர் கோட்டுல நின்னு பார்க்கறவரு, எனக்கு முதுகுதானே அந்தப் பக்கம் இருந்துச்சு, தெரியாம ஒருத்தரைப் பொய்க்காரர்னு சொல்லக் கூடாதுன்னேன். ரெண்டு நாள் எங்கூட பேசல சார் அவ."

இருட்டில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அவர் முகம் தெரிந்தது. சொல்லிவிட்டேன் மச்சான். கொடி பிடித்தது நான், ஷூ கயிறு கட்டின ஆளை அப்போதே பார்த்துவிட்டேன், நடுவர் கேட்டபோது தெரிந்தே சரிதான் என்று சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

அவர் எழுத்துப் பலகையை விட்டு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கே சொல்லியிருந்தா கோலு" என்றார்.

"ஆமாங்க."

"இப்ப சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் எதுக்கு சார் சொன்னீங்க?" குரலை உயர்த்தவே இல்லை. "நான் பாட்டுக்கு ஆஃப்சைடுன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன். இப்ப வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளகிட்ட நீ சொன்னதுதான் சரின்னு நான் மன்னிப்புக் கேக்கணும்." சட்டத்தைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தார். "மீதியையும் பார்த்துடுங்க. வேலைக்குப் போகணும்."

மீதியையும் பார்த்தேன். அளவு சரியாகத்தான் எழுதினேன். மூன்று தடவை சரிபார்த்தேன். கண்ணாடி தயாரானதும், நான் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். "நல்லா தெரியுதாம்" என்றார் முதலாளி. எங்கள் சமையலறைக் குழாய் அன்றிலிருந்து ஒழுகுகிறது. உங்கள் தங்கை அவரைக் கூப்பிடச் சொல்கிறாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு முறை கழற்றினேன். அரை வீடு நனைந்தது. இப்போது அடியில் வாளி வைத்திருக்கிறோம். அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை.

ஆகையால் மச்சான், என் வேண்டுகோள் இதுதான்: உங்களுக்குப் பிடிவாதம் கொஞ்சம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள், குடும்பத்தில் எல்லோரும் சொல்வதுதான். தப்பாகத் தூக்கிவிட்டால் அந்த நொடியே இறக்குங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். "என் தப்பு" என்று சொல்ல அரை மூச்சு போதும். அதை மூன்று வாரம் கழித்து இருட்டறையில் சொன்னால் யாருக்கும் உதவாது. இது உங்களால் முடியாது என்று தோன்றினால் தயவுசெய்து கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாக்டர் சொன்னபடி சும்மா நடங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் முழங்கால்கள் இரண்டும் நீடூழி வாழ்க.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் தங்கை பிடுங்கிப் படித்துவிட்டாள். பிளம்பர் விஷயம் வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்து, "இதையா எட்டு மாசமா உள்ளேயே வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். பிறகு கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். உங்கள் ஆட்டம் வருகிற ஞாயிறு இல்லையாம், போன ஞாயிறே முடிந்துவிட்டதாம். காலையில் நான்தான் அவள் சொன்னதை அரைக் காதில் வாங்கியிருக்கிறேன். நீங்கள் தப்பாக ஒரு கொடி தூக்கி, உடனே இறக்கி, "என் தப்பு, என் தப்பு, அது கோல்தான்" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினீர்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்தீர்களாம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் உங்களுக்கு வேண்டாம், கிழித்துப் போடுங்கள். நேரம் கிடைக்கும்போது எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். அந்த வார்த்தையை எப்படி வாயிலிருந்து வெளியே எடுத்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும்.