வேங்கைக்கோட்டின் தள்ளுபடி வீதம்

கடலே இல்லாத நாட்டில் கலங்கரை விளக்கம் கட்டிய பெருமை வேங்கைக்கோட்டு மன்னர் மகிபாலர் ஒருவருக்குத்தான் உண்டு. நாலு பக்கமும் மலை, நடுவில் ஓர் ஆறு, அவ்வளவுதான் அந்த நாடு. ஆனாலும் கப்பல்கள் வழி தவறிவிடக் கூடாதே என்று மன்னர் கவலைப்பட்டார். நல்ல மனசு.

செங்கமலம் அந்நாட்டின் தலைமை மதிப்பாளர். அரசாங்கம் எதைக் கட்டினாலும், எதை விற்றாலும், அது இவ்வளவு பெறும் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். கலங்கரை விளக்கத்துக்குச் செலவு மூன்று லட்சம் பொன், வரவு பூஜ்யம் என்று எழுதி அனுப்பினாள். நிதியமைச்சர் பேரருளாளர் அதைத் திருப்பி அனுப்பினார். விளக்கத்தை அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பெருமிதம் உண்டாகும், அதைத் தலைக்கு மூன்று பொன் வீதம் வரவில் சேர்க்கவும் என்று ஓரத்தில் முத்து முத்தான எழுத்தில் அவர் குறிப்பு. சேர்த்தாள். மாதச் சம்பளக்காரி வேறென்ன செய்வாள்? காகிதத்தில் லாபம் கொட்டியது. கட்டி முடித்த வருடம், எதிர்பார்த்த அளவு பெருமிதம் வசூலாகவில்லை, பற்றாக்குறையைக் குடிமக்களே தலைக்கு மூன்று பொன்னாகச் செலுத்தவும் என்று ஆணை வந்தது. மாடு விற்றுக் கட்டினவர்கள் உண்டு. தான் போட்ட அந்தக் கையெழுத்தை நினைத்தால் செங்கமலத்துக்கு இன்றும் சோறு இறங்காது.

அடுத்து ஓடத்துறையின் முறை வந்தது. அக்கரையில் இருந்த பதினெட்டு ஊர்களுக்கும் சந்தை, வைத்தியர், பள்ளிக்கூடம் எல்லாம் இக்கரையில்தான். அரசாங்கத்தின் நாற்பது ஓடங்கள் ஆளுக்கு அரைக்காசு வாங்கிக்கொண்டு அவர்களை ஏற்றி இறக்கின. செங்கமலமும் அக்கரைக்காரி. அவள் கணவன் காத்தான் ஓடக்காரன். இந்தத் துறையை வாங்கிக்கொள்கிறேன் என்று மனுப் போட்டவர் பவளவண்ணன், மன்னரோடு தினமும் தாயம் ஆடுகிறவர். வாங்கியதும் கூலி நாலு காசு, பாதி ஓடக்காரர்களுக்கு ஓய்வு என்று மனு போட்ட அன்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செங்கமலம் கணக்குப் போட்டாள். ஓடத்துறை ஒன்பது லட்சம் பொன் பெறும். பவளவண்ணனுக்கு அது கட்டுப்படியாகவில்லை. லாபத்தில் ஓடுவதால்தான் இத்தனை விலை என்று கண்டுபிடித்த அமைச்சர், திறமையை வளர்க்கும் பொருட்டு ஓடங்களை நாற்பதிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார். துறையில் கூட்டம் நெரிந்தது. கூட்டத்தைக் குறைக்க, ஒற்றைப்படை வயதுக்காரர்கள் ஒருநாளும் இரட்டைப்படை வயதுக்காரர்கள் மறுநாளும் ஆற்றைக் கடக்க வேண்டும் என்று அடுத்த ஆணை. முப்பது வயதுத் தாய் ஏழு வயது மகனுக்குக் காய்ச்சல் என்று தூக்கி வந்தால், யாராவது ஒருவர்தான் ஓடத்தில் ஏற முடியும். வரும்படி விழுந்தது. விலையும் நாலு லட்சத்துக்கு இறங்கியது. அதுவும் கூடுதல் என்றார் அமைச்சர்.

செங்கமலத்தை வரவழைத்து, கணக்கில் குறைக்க இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டார். அடுத்த வருடம் வரப்போகிற காசு இன்று கையில் இருக்கும் காசுக்குச் சமமாகாது, அதனால் வருங்கால வரும்படியில் ஒரு பங்கைத் தள்ளித்தான் இன்றைய மதிப்பைப் போடுவோம், அதற்குத் தள்ளுபடி வீதம் என்று பெயர் என்று அவள் விளக்கினாள். அமைச்சரின் முகம் மலர்ந்தது.

"ஆடி மாதம் ஜவுளிக்கடையில் தருவார்களே, அதுதானே?"

"அது வேறங்க."

"எல்லாம் ஒன்றுதான் அம்மையாரே. வீதத்தைக் கூட்டினால் விலை குறையுமா?"

"குறையும்."

"அப்படியானால் கூட்டும்."

அவள் போட்டிருந்தது நூற்றுக்கு எட்டு. அவர் கேட்டது எண்பது. எண்பது போட்டால், துறையின் மொத்த விலை ஓடம் கட்டும் கயிற்று விலைக்கு வந்து நின்றது. நாளைக் காலைக்குள் கையெழுத்தோடு தாள் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் காத்தானின் ஓடத்திலேயே வீடு திரும்பினாள். நடந்ததைச் சொன்னாள். அவன் துடுப்பை நிறுத்தவில்லை.

"போடலேன்னா என்ன ஆகும்?"

"எனக்கு வேலை போயிடும். வேற ஆளு போட்டுருவான்."

"போட்டா?"

"உனக்கு வேலை போயிடும்."

ஓடத்தைக் கரைப்பக்கம் திருப்பியவன், "பாத்துச் செய். மறுபடி சோறு எறங்காம உக்காந்திருக்காத" என்றான்.

காலையில் அவள் செய்ததில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பயந்த குமாஸ்தா செய்கிற காரியம்தான். பவளவண்ணனின் மனுவின் அடியிலேயே மதிப்பீட்டை எழுதி, வீதம் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டாள். தள்ளுபடி என்பது மன்னர் வழங்கும் கொடை, அதை ஒரு ஊழியக்காரி நிர்ணயிப்பது முறையல்ல, மன்னரே தம் கையால் நிரப்பட்டும் என்று குறிப்பு வைத்தாள். கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அமைச்சருக்கோ அந்தப் பணிவு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எவ்வளவு தரலாம் என்று மன்னர் கேட்டார். தங்கள் கை எவ்வளவு தாராளமோ அவ்வளவு என்றார் அமைச்சர். தாராளத்தில் தம்மை யாரும் குறை சொல்லக் கூடாது என்று மன்னர் எழுதுகோலை எடுத்தார். "பவளவண்ணன் மனுவைக் கண்டோம். முழுமையாகத் தள்ளுபடி செய்க." முத்திரையும் குத்தினார்.

தாள் ஆவணத் தலைவர் ஏகாம்பரத்திடம் போயிற்று. மனுவின் அடியில் அந்த வார்த்தையை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறவர் அவர். அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். உச்சிவேளைக்குள் துறையில் முரசு அறைந்துவிட்டார்கள். பவளவண்ணனின் மனு நிராகரிக்கப்பட்டது, அதன் பொருட்டுப் போட்ட ஆணைகள் செல்லாது, மன்னர் தள்ளிய மனுவை அவர் ஆட்சி முடியும்வரை மறுபடி எடுக்கக் கூடாது.

அமைச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மன்னர் சொன்னது அந்தத் தள்ளுபடி அல்ல என்றார். ஏகாம்பரம் புதிதாக ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"மன்னர் எழுதியதில் பிழை இருக்கிறது என்கிறீர்களா? சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்."

மன்னர் எழுத்தில் பிழை காண்பவருக்கு ஓராண்டு சிறை என்பது சட்டம். பள்ளி ஆசிரியர்களின் வாயை அடைக்க அமைச்சரே போன வருடம் கொண்டுவந்தது. அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

செங்கமலம் துறைக்கு வந்தபோது, கரையேற்றி வைத்திருந்த ஓடங்களை ஒவ்வொன்றாக ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாயும் மகனும் சேர்ந்தாற்போல ஓடத்தில் ஏறினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளத் தோன்றவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது, நன்றாகப் பசித்தது.

அன்று மன்னர் உப்பரிகையில் நின்று அந்த ஆரவாரத்தைக் கேட்டாராம். எதற்கு என்று விசாரித்தபோது, தங்கள் தாராளத்துக்கு என்று அமைச்சர் பதில் சொன்னாராம். அதில் பொய் இல்லை. மறுநாள் துறையில் பெரிய பதாகை கட்டியிருந்தது. ஓடத்துறையை விற்கத் துணிந்த தீயசக்திகளை முறியடித்த மாமன்னருக்கு நன்றி என்று எழுதி, நன்றி விழாவுக்குத் தலைக்கு ஒரு காசு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நாலு காசுக்கு ஒரு காசு தேவலை என்று ஜனங்கள் சிரித்துக்கொண்டே கட்டினார்கள். செங்கமலமும் கட்டினாள்.

காத்தான் பதாகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான். "யாரு புள்ள அந்தத் தீயசக்தி?"

"பேரு தெரியல" என்றாள் செங்கமலம், ஓடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டே. "ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."